புளி போட்டு விளக்கிய காசு

சிங்காநல்லூர் மோட்டார் பட்டறையில் எங்கள் தெரு ஆறுச்சாமி அண்ணன் இருபத்தாறு வருடமாக லேத் ஓட்டுகிறார். நின்று நின்று கால் நரம்பு சுருண்டுவிட்டது. கரூர் ஆற்று மணலில் கிடைத்ததாக ஒரு நண்பர் தந்த ரோமானியக் காசு எந்த அரசருடையது என்று அறிவதுதான் அவருடைய ஒரே ஆசை. பச்சைக் களிம்பேறிய அதில் ஒரு தலையும், சுற்றிலும் எழுத்துகளும் தெரிந்தன. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் வரலாற்றில். பார்த்துச் சொல்கிறேன் என்றே ஒரு வருடத்தைக் கடத்திவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காசோடு வந்தார். அது பளபளத்தது.

"குத்துவெளக்கோட சேத்து இதையும் புளி போட்டு வெளக்கிப்போட்டாங்க தம்பி, எங்கூட்ல. செம்புன்னா செவந்திருக்கும். இது பித்தளைங்க."

அவர் சொன்னது சரி. தலையில் கதிர் கதிராக மகுடம் வேறு இருந்தது. பித்தளையும் அந்த மகுடமும் சேர்ந்தால் பெரும்பாலும் அது இரண்டு செப்புக் காசுக்குச் சமமான, ரோமானியரின் இரட்டை மதிப்புக் காசு. ஆனால் அரசரின் பெயர் இருந்த எழுத்துகள் களிம்போடு போய்விட்டன.

"செரி, ராசா யாருங்க?"

"எழுத்துப் போயிருச்சுங்கண்ணா. இனித் தெரியாதுங்க."

"இத்தன படிச்சு ஒரு பேரு வரலீங்களா? எதையாச்சும் சொல்லிப்போடுங்க. நானென்ன ரோமுக்குப் போயிக் கேக்கவா போறேன்?" என்று சிரித்தார்.

வாய்வரை வந்த ஒரு பெயரை விழுங்கினேன். "போன வருசமே நான் பாத்திருந்தா படிச்சிருக்கலாமுங்கண்ணா."

அவர் சிரிப்பு நின்றது.

"அது எனக்குந் தெரியுங்க தம்பி" என்றவர், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று காலை இழுத்தபடி நடந்தார்.