ஒரு விரல் தள்ளி

உதடுகளுக்கு நடுவே இரண்டு குண்டூசிகளைக் கவ்வியபடிதான் குண்டூசி அக்கா காலை வணக்கம் சொல்வாள். வணக்கம் முழுதாக வெளியே வராது, "ம்ம்" என்று பாதிதான் வரும். போக்குவரத்துக் காவல் பிரிவின் மாடி அறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள். வெள்ளைத் தலை ஊசி என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதை பேசுவார்கள். சிவப்பு என்றால் வந்த வேலையைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

நிறங்களுக்கு அவள் வைத்திருக்கும் இலக்கணம் ரொம்ப எளிது. "விழுந்தவன் எந்திரிச்சு நடந்தா வெள்ளை. தூக்கிட்டுப் போனா மஞ்சள். துணி போட்டு மூடினா சிவப்பு." புதிதாக வருகிற காவலர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவாள். சுவர் வரைபடத்தில் மஞ்சள் ஊசி பெற்றவர் பத்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தால், மஞ்சளைப் பிடுங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதே துளையைத் தேடிக் கண்டுபிடித்துச் சிவப்பை இறக்குவாள். பக்கத்தில் புதுத் துளை போட அவளுக்கு மனசு வராது. "இடம் மாறக் கூடாதில்ல" என்பாள்.

அறையின் ஒரு சுவர் முழுக்க, மரப்பலகையில் ஒட்டிய ஊரின் வரைபடம். கீழே காவலர்கள் எழுதி அனுப்பும் விபத்துச் சீட்டுகள் தினமும் காலையில் அவள் மேசைக்கு வரும். சீட்டைப் படிப்பாள், ஊசியைக் குத்துவாள், சீட்டை மேசையிலிருக்கும் கம்பியில் செருகுவாள். மாதம் முடிந்தால் கம்பியிலிருக்கும் சீட்டுகளை நூலால் கட்டி அலமாரிக்குள் போட்டுவிடுவாள். பிறகு அவற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பத்துப் பேர் பத்துவிதமாக எழுதிய கிறுக்கல்களை எண்ணிக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? வருடத்தின் கடைசி வேலை நாளன்று, சாலை சாலையாக ஊசிகளைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டு எண்ணிப் பட்டியல் போடுவதுதான் அவள் முறை. அந்தப் பட்டியலை வைத்துத்தான் எந்தச் சாலைக்கு விளக்கு, எங்கே வேகத்தடை, எங்கே சிக்னல் என்று நகராட்சிக்காரர்கள் முடிவு செய்தார்கள். வந்த அதிகாரிகள் எல்லோரும் அவள் வேலையைத் தங்கம் என்றார்கள். அவளும் இல்லை என்று சொன்னதில்லை.

வீட்டிலும் வெளியிலும் அவளோடு காலம் தள்ளுவது கொஞ்சம் சிரமம்தான். சாலையைக் கடக்க மூன்று வண்டிகளைப் போகவிட்டு நான்காவதையும் ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பாள். உறவில் யார் வீட்டில் என்ன நல்லது நடந்தாலும் அவள் கொண்டுபோகும் பரிசு ஒரு ஹெல்மெட். பிறந்து நாற்பது நாளான குழந்தைக்குக்கூட வாங்கிப் போனாள். வளர்ந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும் என்று வாதாடினாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் வழியெல்லாம் கணவரின் தோளைத் தட்டிக்கொண்டே வருவாள். "என் வண்டிக்கு மூணு பிரேக். ஒண்ணு கையில, ஒண்ணு கால்ல, ஒண்ணு பின் சீட்ல" என்று அந்த மனிதர் தன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அது நேர்ந்தது.

அன்று வருடத்தின் கடைசி வேலை நாள். பிடுங்கும் முன் சுவரிலேயே ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தாள். முந்தைய இரண்டு வருடங்களில் நூற்று எழுபத்தொன்று, நூற்று எண்பத்தேழு என்று ஏறிய விபத்துகள் இந்த வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு. பதினொன்று, பதினான்கு என்று ஏறிய சாவு இந்த முறை பத்தொன்பது. இவ்வளவு சின்ன ஊரில் பத்தொன்பது சிவப்பு. வழக்கம்போலக் கடைத்தெருதான் முதலிடம். அங்கே மட்டும் அறுபத்தொரு ஊசிகள், அதில் ஒன்பது சிவப்பு.

கடைத்தெருவை நினைத்தாலே அதிகாரிக்குத் தலைவலி. ஒன்றரை வருடத்துக்கு முன் மாற்றலாகி வந்த அவர், சிக்னல் போட்டார், நடுவே தடுப்பு வைத்தார், கேமரா மாட்டினார். ஊசிகள் கூடினவே தவிரக் குறையவில்லை. "நடக்கவே இடமில்லாத தெருவும்மா அது. அங்க எப்படி ஒருத்தன் அவ்வளவு வேகமா ஓட்டி இன்னொருத்தனைச் சாகடிக்கிறான்?" என்று அவர் அடிக்கடி கேட்பார். அக்காவுக்கும் பதில் தெரியாது. ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு சார் என்று மட்டும் சொல்லிவைப்பாள்.

கடைத்தெருவுக்குப் பின்னாலேயே, அதை ஒட்டினாற்போல் ஓடுவது வாய்க்கால் சாலை. அகலமான, நேரான சாலை. லாரிகள் ஊருக்குள் சிக்காமல் போவதற்கு அதுதான் வழி. ஒரு பள்ளிக்கூடமும் அதில்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் ஏழு வருடங்களாக ஓர் ஊசிகூடக் கிடையாது. ஊருக்கே முன்மாதிரி என்று அதிகாரி கூட்டங்களில் பெருமையாகச் சொல்வார். விபத்தே இல்லாத இடத்தில் எதற்கு என்று, போன ஜனவரியில் பள்ளி வாசலிலிருந்த வேகத்தடையைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இப்போது, பிள்ளைகள் கடக்கும்போது சிவப்புக் கொடி காட்டி லாரிகளை நிறுத்தும் கொடிக்காரரையும் அங்கிருந்து எடுத்துக் கடைத்தெருவில் நிறுத்தப்போகிறார்கள். அதற்கான கடிதம் தட்டச்சாகி அதிகாரியின் மேசையில் இருந்தது. அக்காவின் பட்டியலும் சேர்ந்தால் மாலை நாலு மணிக்குக் கையெழுத்து. அடுத்த வாரத்திலிருந்து பள்ளி வாசலில் கொடி இருக்காது.

அக்கா ஊசிகளைப் பிடுங்கத் தயாரானபோது, அறையைப் பெருக்கும் பெண் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு வரைபடத்தின் முன் வந்து நின்றாள். அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஜூன் மாதத்தில் அவள் கணவர் லாரியில் அடிபட்டு இறந்தபோது, எங்கே, எப்படி என்று துருவாமல், பாவம் என்று அதிகாரிதான் இந்த வேலையைக் கொடுத்தார். ஐந்து மாதமும் அந்தச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே பெருக்கியவள், அன்றைக்கு எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்து கேட்டாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் இதுல எது?"

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். பிறகு தேடிப் பிடித்து, கடைத்தெருவில் துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவிலிருந்த ஒரு சிவப்பைக் காட்டினாள். அந்தப் பெண் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இது கடைத்தெரு இல்ல? அவர் அடிபட்டது வாய்க்கால் ரோட்டுல. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல. நான்தானே ஓடிப்போய்த் தலையை மடியில வச்சுக்கிட்டேன்."

"தெரியும்மா. அங்க ஊசி இறங்காது. அதான் ஒரு விரல் தள்ளி..."

சொல்ல வந்தது அப்படியே நின்றுபோயிற்று. வாயிலிருந்த ஊசி தரையில் விழுந்தது.

ஏழு வருடத்துக்கு முன் பழைய பலகையைக் கரையான் அரித்துவிட்டது. புதிதாகச் செய்த தச்சர் இரண்டு பலகைகளைச் சேர்த்து, முன்பக்கமாகவே ஒரு நீள இரும்புப் பட்டை அடித்து, அதன் மேல் வரைபடத்தை ஒட்டினார். பட்டை போன இடம் வாய்க்கால் சாலை. முதல் வருடம் அங்கே ஊசி வளைந்தபோதெல்லாம் எரிச்சல்பட்டு, தெரிந்தேதான் பக்கத்தில் மரம் கிடைக்கிற இடமாகப் பார்த்து ஒரு விரல் தள்ளிக் குத்தினாள். மூன்றாம் வருடம் கை தானாகத் தள்ளிக்கொண்டது. அதற்குப் பிறகு தள்ளுவதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. சீட்டில் வாய்க்கால் சாலை என்றுதான் எழுதியிருக்கும். கண் அதைப் படிக்கும், கை பக்கத்துத் தெருவில் குத்தும். டிசம்பரில் எண்ணும்போது அவள் நம்பியது வரைபடத்தைத்தான், சீட்டை அல்ல. வரைபடத்தில் ஒரு விரல் அகலம் என்பது ஊரில் ஒரு முழுத் தெரு.

அலமாரியைத் திறந்து சீட்டுக் கட்டுகளை அள்ளி வந்து தரையில் கொட்டினாள். நூல் முடிச்சுகள் இறுகியிருந்தன. அந்தப் பெண் உட்கார்ந்து அவிழ்த்துக் கொடுத்தாள். ஜனவரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். கடைத்தெருவின் அறுபத்தொரு ஊசிகளில் உண்மையிலேயே கடைத்தெருவுக்குச் சொந்தமானவை பன்னிரண்டு. பன்னிரண்டும் வெள்ளை. மிச்சம் நாற்பத்தொன்பதும் வாய்க்கால் சாலை. ஒன்பது சிவப்பில் ஒன்றுகூடக் கடைத்தெருவில் இல்லை.

பழைய வருடங்களின் கட்டுகளையும் அவிழ்த்தார்கள். மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே கிடந்தது. ஏழு வருடத்தில் வாய்க்கால் சாலையில் செத்தவர்கள் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேரையும் தன் கையாலேயே பக்கத்துத் தெருவுக்கு நகர்த்திவைத்துவிட்டு, இந்தச் சாலை பத்திரம் என்று வருடா வருடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அக்காவுக்கு இதைவிடப் பெரிய விபத்து இந்த ஊரில் நடந்ததே இல்லை என்று தோன்றியது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதை மறைத்துவிடலாம். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியப்போகிறது? அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பள்ளிக்கூட வாசல்ல இருந்த ஸ்பீட் பிரேக்கரை எடுக்க வச்சது என் பட்டியல்தான்மா."

அந்தப் பெண் கையிலிருந்த நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"எடுத்த அன்னிக்கு அவர் வந்து சொன்னாரு" என்றாள் கடைசியில். "இனிமே சைக்கிள் மிதிக்க லேசா இருக்கும்னு."

அக்கா இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதிகாரி பட்டியலைக் கேட்டு வந்தார். தரை முழுக்கச் சீட்டுகளைப் பார்த்துத் திகைத்து நின்றவரிடம் அக்கா ஓர் ஊசியைக் கொடுத்து, வாய்க்கால் சாலையில் எங்கே வேண்டுமானாலும் குத்தச் சொன்னாள். குத்தினார். வளைந்தது. இன்னோர் ஊசி கேட்டு வாங்கி வேறு இடத்தில் குத்தினார். அதுவும் வளைந்தது. மூன்றாவது ஊசியும் வளைந்தபோது தரையிலிருந்த ஒரு சீட்டை எடுத்துப் படித்தார், அவருக்கு விளங்கிவிட்டது.

ஆனாலும் அதிகாரி அதிகாரிதானே. ஏழு வருடப் பட்டியலும் தப்பு என்று இப்போது சொன்னால் மேலிடத்தில் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள், இந்த ஒரு வருடம் போகட்டும், அடுத்த வருடம் சத்தம் போடாமல் திருத்திக்கொள்ளலாம் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார்.

"குத்தினது நான். என் பேர்லயே எழுதுங்க சார்" என்றாள் அக்கா. "அடுத்த வருஷம் வரைக்கும் அந்தப் பிள்ளைங்க தெருவைக் கடக்காம இருக்குமா?"

அவர் பெருக்கும் பெண்ணைப் பார்த்தார். வளைந்த மூன்று ஊசிகளையும் மேசையில் வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்து நகராட்சிப் பொறியாளரைக் கூப்பிட்டார். கொடிக்காரர் பள்ளி வாசலை விட்டு நகர மாட்டார், கடிதம் வராது, வாய்க்கால் சாலையில் எடுத்த வேகத்தடையைத் திரும்பப் போட வேண்டும், எழுத்தில் காலையில் வரும் என்றார். தப்பு யாருடையது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "எங்களுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா அவற்றையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. கடைத்தெருவிலிருந்து அந்த ஜூன் மாதச் சிவப்பைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தின் முன் நின்றிருந்தாள். சரியான இடத்தில் குத்த வழியில்லை. அங்கே இருப்பது இரும்பு.

"எந்த இடம்னு நீயே காட்டும்மா" என்றாள்.

அந்தப் பெண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வாய்க்கால் சாலையில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு விரலை வைத்தாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. அக்கா மேசையிலிருந்த சிவப்பு ஸ்டாம்ப் பேடைத் திறந்து, தன் வலது கட்டைவிரலை அழுத்தி, அந்த விரல் விலகிய இடத்தில் பதித்தாள். பிறகு விரலைத் துடைக்காமல் அடுத்த சாவின் சீட்டைப் படிக்கச் சொல்லிவிட்டு, மறுபடி பேடில் அழுத்தினாள்.