சம்பந்தி பூட்டிய மோட்டார்

தெருவில் அவரை மில்லிங்காரர் என்றுதான் சொல்வார்கள். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே ஒரு மில்லிங் மெஷினும் ஒரு சின்ன லேத்தும். பம்புக்கு அடித்தட்டு, மோட்டாருக்குப் பீடம் என்று வார்ப்பிரும்புத் தட்டுகள் சொரசொரவென்று வந்து இறங்கும். அவற்றை மெஷினின் டேபிளில் இறுகக் கட்டி, சுழலும் கட்டருக்கு அடியில் நகர்த்தி, முகத்தைச் சமமாகச் சீவிக் கொடுப்பது அவர் தொழில். நகர்த்துவது கையால்தான். டேபிளின் ஓரத்தில் இருக்கும் ஹேண்டிலை ஒரே சீராக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுற்ற வேண்டும். பிறகு திரும்பக் கொண்டுவந்து மறுபடி சுற்ற வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தவருக்கு, மீசை நரைத்த பிறகு வலது தோள் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனைவியின் கண்ணுக்குத் தப்புமா?

“தலை வாருற கை மாறிப்போச்சே, என்ன சங்கதி?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

“சும்மா யாராவது வகிட்டை அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் மாத்துவாங்களா?”

அன்றே மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார். தோளில் தசைநார் கிழிய ஆரம்பித்திருக்கிறது, இந்தச் சுற்றுகிற வேலையை விட்டால் தானாக ஆறும், விடாவிட்டால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். மில்லிங்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலை ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். கை நடுவில் நின்று போன இடங்களிலெல்லாம் தட்டின் மேல் கோடு கோடாகத் தழும்பு விழுந்தது.

விஷயம் மகளுக்குப் போயிற்று. அதே ஊரில் வாக்கப்பட்டவள். அவளும் மாப்பிள்ளையுமாகச் சேர்ந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பவர் ஃபீட். டேபிளின் ஓரத்தில் பூட்டிவிட்டால் கை செய்கிற வேலையை மோட்டார் செய்யும்.

“நீங்க பக்கத்துல நின்னு பாத்தா போதும்ப்பா.”

“பாத்துக்கிட்டு நிக்கறது ஒரு வேலையா? கட்டர் திணறுதா, வழுக்குதான்னு கைக்குத்தான் தெரியும்.”

“கையே இல்லாமப் போனா எதுக்குத் தெரியும்? மாமா வந்து மாட்டித் தரேன்னு சொல்லியிருக்காங்க. சனிக்கிழமை வராங்க.”

மாமா என்றால் அவளுடைய மாமனார். சம்பந்தியை வேலை வாங்குவதா? அதுவும் இந்தச் சம்பந்தியையா?

சம்பந்தி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் நடுவில் “வாங்க, சாப்பிட்டீங்களா, வரட்டுமா” என்பதைத் தாண்டி எந்தப் பேச்சும் கிடையாது. கல்யாணத்தன்று சாயங்காலம், கூட்டமும் பாட்டுமாக இருந்த மண்டபத்தில் மில்லிங்காரர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மனசைத் திறந்து சொன்னார்: “ஒரே பொண்ணு சம்பந்தி. ஏதாவது தப்பு செஞ்சா எங்கிட்ட சொல்லுங்க. அவகிட்ட கடிஞ்சு பேசிராதீங்க.” அந்த மனிதர் நேரே பார்த்தபடியே இருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். அது முள்ளாகத் தைத்துக்கொண்டது. மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருட்டுத்தனமாகப் படிப்பார். சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். ஆனாலும் என்ன, மறைக்கத் தெரிந்த அப்பனுக்குப் பிறந்தவள்தானே என்று நினைத்துக்கொள்வார்.

சனிக்கிழமை சம்பந்தி தன் பையோடும் தன் ஃபிளாஸ்க்கோடும் வந்தார். டீ கூட நம் கையால் குடிக்க மாட்டாராக்கும் என்று மில்லிங்காரர் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

ஆனால் வேலை தெரிந்த கை. டேபிளின் வலது முனையில் ஹேண்டிலையும் அதன் பின்னாலிருந்த அளவு வளையத்தையும் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே துணி மேல் வைத்தார். பெட்டியின் துளை இந்த மெஷினுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மில்லிங்காரர் லேத்துக்குப் போய், இடைவெளியை அடைக்க ஒரு புஷ் வளையம் கடைந்து வந்தார். அது பிசகாமல் போய் உட்கார்ந்தது. சம்பந்தி தலையை மட்டும் அசைத்தார்.

அடுத்தது பல்சக்கரம். மோட்டாரின் சின்னச் சக்கரமும் டேபிள் தண்டில் போட்ட பெரிய சக்கரமும் அளவோடு கடிக்க வேண்டும். ரொம்ப நெருங்கினால் கீச்சிடும், ரொம்ப விலகினால் பல் போய்விடும். பெரிய சக்கரத்துக்குப் பின்னால் காகிதம் போன்ற தகட்டு வளையங்களைப் போட்டும் எடுத்தும் சரிசெய்ய வேண்டும். சம்பந்தி பெட்டிக்கு எதிரே குந்தியிருந்தார். அவருக்கு இடது பக்கம் நின்ற மில்லிங்காரர், “இன்னும் ஒரு தகடு எடுக்கணும் சம்பந்தி” என்றார். மறுபடியும் சொன்னார். சம்பந்தி தன் பாட்டுக்கு நட்டை முடுக்கினார்.

அதே திமிர், என்று மில்லிங்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

சம்பந்தி ஸ்விட்சைப் போட்டார். பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று கிளம்பிய சத்தத்தில் கூரைத் தகரமே கூசியது. சம்பந்தி முகத்தில் சலனமில்லை. மில்லிங்காரர் பாய்ந்து போய் அணைத்தார்.

“உங்களுக்குக் காதுல விழலையா?”

சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

“விழல,” என்றார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இடது காது போயே போச்சு. லிஃப்ட் மோட்டார் ரூம்லயே காலம் போச்சுல்ல. வலது காதுல பேச்சு விழும். இந்தக் கீச்சுச் சத்தமெல்லாம் விழாது. என் சம்சாரத்துக்கு மட்டும்தான் தெரியும். செவிட்டு மாமனார்னு பொண்ணு குடுக்க யோசிப்பீங்களோன்னு சொல்லாம விட்டுட்டேன்.”

மில்லிங்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மண்டபத்தில் தான் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். இடது பக்கம்தான். எழுந்து சுற்றி வந்து, வலது காதருகே குனிந்து, அன்று சொன்னதை எழுத்துப் பிசகாமல் திரும்பச் சொன்னார்.

“அப்படியா கேட்டீங்க?” சம்பந்தி பதறிப்போனார். “பக்கத்துல யாரோ உக்காந்த மாதிரி இருந்துச்சு. யாரோ கூப்பிட்டாங்கன்னு எழுந்து போனேன். நாலு வருஷமா இதை மனசுல வச்சுக்கிட்டா இருந்தீங்க?”

“வேற எங்க வைக்கறது?”

சம்பந்தி கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். “எங்க வீட்ல எனக்குக் கேக்குற மாதிரி பேசுறவ உங்க பொண்ணு ஒருத்திதான். எதிர்ல வந்து நின்னு, முகத்தைப் பாத்துப் பேசுவா. அவகிட்ட நான் காதைப் பத்தி எதுவுமே சொன்னதில்ல.”

“மெஷின் சத்தத்துல வளர்ந்தவ. எங்கிட்டயும் அப்படித்தான் பேசுவா,” என்றார் மில்லிங்காரர். மகளின் சிரிப்பு சிரிப்புதான் என்று அப்போதுதான் நம்பினார். பிறகு அவராகவே, யாரும் கேட்காமல், தன் தோள் எவ்வளவு மோசம் என்பதையும், ராத்திரியில் அந்தப் பக்கம் புரள முடியாததையும் சொல்லி முடித்தார்.

தகட்டை எடுத்தார்கள். சம்பந்தி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, “எனக்கு அதிர்வு தெரியும், உங்களுக்குச் சத்தம் தெரியும். ரெண்டு பேரும் சரின்னா சரி” என்றார். இந்தத் தடவை இழைகிற மாதிரி ஓடியது.

உடனே ஒரு தட்டை ஓட்டிப் பார்த்துவிட மில்லிங்காரருக்குக் கை துறுதுறுத்தது. சம்பந்தி விடவில்லை. டேபிள் எல்லைக்கு வந்ததும் மோட்டாரை அணைக்கிற ஸ்விட்சை முன்பக்கம் பூட்டி, அதைத் தட்டும் கட்டைகளை இரண்டு முனையிலும் இறுக்கி, விரலால் அழுத்தி அழுத்திச் சோதித்தார். “லிஃப்ட்ல நிக்குமான்னு பாக்காம ஓட்டினா கூரையை முட்டிரும். இதுவும் அப்படித்தான்.”

கடைசியில் ஒரு வார்ப்பிரும்புத் தட்டைக் கட்டினார்கள். லீவரைச் சாய்த்ததும் டேபிள் நகர ஆரம்பித்தது. கறுப்புத் தூள் ஒரே அளவாக உதிர்ந்தது. மில்லிங்காரருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இடுப்பில் வைத்தார், பின்னால் கட்டினார், கடைசியில் டேபிளின் மேல் ஓரமாக விரலை வைத்தார். கட்டர் கடிப்பது அங்கேயும் தெரிந்தது. போதும். முனைக்கு வந்ததும் டக்கென்று நின்றது. தட்டின் முகத்தில் ஒரு தழும்பு இல்லை.

“ஃபிளாஸ்க்ல என்ன?” என்று கேட்டார்.

“சுக்குத் தண்ணி. டீ ஒத்துக்காது. ரெண்டு டம்ளர் எடுத்துட்டு வாங்க.”

தோள் மழைக்காலத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிட்டது. கத்திக்கு வேலை வரவில்லை. சம்பந்தியைக் காது டாக்டரிடம் மில்லிங்காரரே கூட்டிப்போனார். காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டு வெளியே வந்த சம்பந்தி படிக்கட்டில் நின்று, “இந்தச் செருப்பு இவ்வளவு சத்தம் போடும்னு யாருமே சொல்லலையே” என்று குறைப்பட்டுக்கொண்டார். இப்போது வாரத்தில் ஒருநாளாவது கொட்டகைக்கு வந்துவிடுகிறார். போன வாரம், டேபிளை மேலே ஏற்றும் ஹேண்டிலுக்கும் ஒரு மோட்டார் பூட்டினால் என்ன என்று ஆரம்பித்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல மில்லிங்காரருக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.