சாட்சித் துண்டு

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு முகத்துக்கு நேரே ‘அக்கா’ என்று பெயர்; முதுகுக்குப் பின்னால் ‘சிடுமூஞ்சி’. இரண்டுமே பொருத்தம்தான். இருபத்திரண்டு வருஷமாக, நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளை மெழுகுக் கட்டியில் பதித்து, தலைமுடிப் பருமனில் இருபதில் ஒரு பங்காகச் சீவி, ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறவள். யாராவது தப்பு செய்தால் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள்.

அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் பக்கத்து மேஜைக்காரர். அவளைவிட மூன்று வயது மூத்தவர். ஒரு கட்டியைச் சீவ அரை மணி நேரம் எடுப்பார். ‘ஆமை’ என்று பெயர் வைத்ததே அவள்தான். பாவம், மனுஷன் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு டான்சிலில் புற்றுநோய் என்று போன வாரம் தெரிந்தது. அந்த இடத்துப் புற்றில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று வைரஸால் வருவது. மற்றது புகை, குடி போன்ற காரணங்களால் வருவது. வைரஸ் ரகம் சிகிச்சைக்கு நன்றாகப் பணியும், பிழைக்கிற வாய்ப்பும் கூடுதல். பி16 என்ற புரதத்தைக் காட்டும் சாயத்தைப் போட்டால் அந்த ரகம் பழுப்பாகத் தெரியும். கேன்சரிலும் நல்ல கேன்சராகக் கொடு என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை எந்த அக்காவுக்கும் வரக் கூடாது. அவளுக்கு வந்தது.

முதல் முறை அவளே வெட்டி, அவளே சாயம் போட்டாள். தம்பியின் துண்டு பழுப்பு ஏறாமல் நீலமாகவே இருந்தது. அப்புறம்தான் ஓரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும், கட்டாயம் பழுப்பு ஏறும் என்று தெரிந்த பழைய துண்டு ஒன்றை ஒட்டுவார்கள். கன்ட்ரோல் என்று பெயர்; அவள் ‘சாட்சி’ என்பாள். அன்று சாட்சியும் நீலமாகக் கிடந்தது. சாய மருந்து கெட்டுப்போயிருந்தது. அப்பாடா! வேலை கெட்டதற்காக அவள் சந்தோஷப்பட்டது வாழ்நாளில் அன்றுதான்.

புது மருந்து வந்தது. ஆனால் மெழுகுக் கட்டியில் மிச்சமிருந்த சதை கடுகளவு. ஒரே ஒரு சீவல் தேறலாம். தவறினால் தம்பியின் தொண்டையில் மறுபடி கத்தி வைக்க வேண்டும். சீவுகிற கருவியின் கைப்பிடியைத் தொட்டாள். விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள். ஆகிற காரியமில்லை.

“நீங்க வெட்டுங்க,” என்றாள் பக்கத்து மேஜையைப் பார்த்து.

“நானா? நான் ஆமையாச்சே?”

“அதனாலதான் கேக்குறேன். வாயைக் கிளறாதீங்க.”

அவர் சிரிக்கவில்லை. கட்டியை ஐஸ்மேல் குளிரவைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒன்றுக்கு இரண்டாகத் தேறின. வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமே இல்லாமல் மிதந்தன. அவளுக்கு அவர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. “பரவாயில்ல,” என்று மட்டும் சொன்னாள்.

மதியம் ஸ்லைடு பார்த்து முடிவு சொல்லும் டாக்டரம்மா நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, நாற்காலியை அவளுக்கு விட்டார். இரண்டு ஸ்லைடிலும் சாட்சித் துண்டு நல்ல கெட்டிப் பழுப்பு. தம்பியின் துண்டில் துளிகூட ஏறவில்லை.

“நான் சொல்லட்டுமா உங்க தம்பிகிட்ட?” என்றார் டாக்டரம்மா.

“வேண்டாம், டாக்டர். நானே சொல்றேன்.”

வார்டில் தம்பி கட்டிலில் உட்கார்ந்து, வராந்தா லிஃப்டின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தான். “கதவு உரசுது, எவனும் கண்டுக்க மாட்டேங்கிறான்,” என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். “பழுப்பு ஏறலையா?”

“ஏறலடா. திங்கக்கிழமை சிகிச்சை ஆரம்பிக்குறாங்க. கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கும். நான் லீவு போட்டுட்டுக் கூடவே இருக்கேன்.”

“போன தடவையும் இல்லன்னுதானே வந்துச்சு? அப்புறம் மருந்து சரியில்லன்னு நீதானே சொன்ன?” அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “இன்னொரு தடவை பாருக்கா. எங்கயாவது தப்பு நடந்திருக்கும்.”

ஒரு பொய் அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியவில்லை.

“இல்லடா,” என்றாள். “மத்தியானத்துலேர்ந்து தேடிட்டேன். ஒரு தப்பும் கிடைக்கல.”