நான் கேட்காமல் விட்ட கைப்பிடி அரிசி

வியாழக்கிழமை பிற்பகல். இடுப்பில் பத்து மாதக் குழந்தை, கையில் இன்னும் ஒட்டாத ஒரு கடிதம் — இந்தக் கோலத்தில் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, நடந்து போனேன். போகலாமா, திரும்பிவிடலாமா என்று வழியில் நான்கு முறை நின்றேன். ஐந்தாவது முறை நின்றபோது குழந்தை எஸ்தர் அழத் தொடங்கிவிட்டாள். ஆகவே நடந்தேன்.

கடிதம் ஜொகூர் பாருவில் இருக்கும் பாதிரியாருக்கு. அதில் இருந்தது ஒரே விஷயம். எங்களுக்கு ஜெபம் நடத்தும் உபதேசியாரை எங்களால் வைத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கும் சகோதரிகளுக்குத் தெரியும் — என் கணவர் செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். இங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்களோடு சேர்த்து ஏழு. மற்ற ஆறும் லயத்தில் இருக்கிற, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் குடும்பங்கள். கோயில் கிடையாது. சனிக்கிழமைதோறும் உபதேசியார் ரயிலில் வந்து இறங்குவார். எங்கள் வீட்டில் தங்குவார். மறுநாள் எங்கள் முன்னறையில் பாய் விரித்து ஜெபம். அவ்வளவுதான் எங்கள் சபை.

அவருடைய சாப்பாட்டுக்கு நாங்கள் வைத்திருந்த வழி கைப்பிடி அரிசி. உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியே வைப்பது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது வழக்கம். வாரம் ஒருமுறை நான் பையோடு லயத்துக்குப் போய்ச் சேர்த்துக்கொண்டு வருவேன்.

ரப்பர் விலை விழுந்தது. சம்பளத்தைக் குறைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்புகிறார்கள். இந்த நேரத்தில் பிள்ளைக்காரிகளிடம் போய்ப் பையை நீட்டுவதா? என் கை கூசியது. ஆறு வாரங்களுக்கு முன் போவதை நிறுத்திவிட்டேன். காரணமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்களுக்கு வெட்கமாக இருக்குமே! உபதேசியாருக்கு என் வீட்டு அரிசியே போதும் என்று வைத்துக்கொண்டேன்.

நல்ல காரியம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வாரம் பாதிரியார் எழுதியிருந்தார். மிஷனில் இனி உபதேசியாருக்குச் சம்பளம் இல்லையாம். வாரம் முழுவதும் எங்கள் சபை அவருக்குச் சோறு போடுமானால் அவர் இங்கேயே தங்கலாம். இல்லையென்றால் அடுத்த கப்பலில் ஊருக்கு.

வாரம் முழுவதும்! எங்கள் வீட்டிலும் சம்பளம் குறைந்துதானே இருக்கிறது? முடியாது என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு நாள் தவித்தேன். அவர் போய்விட்டால் ஜெபம் நிற்கும். ஜெபம் நின்றால் ஏழு குடும்பமும் ஏழு திக்கு. எஸ்தர் யாரோடு சேர்ந்து பாடுவாள்? ‘நாம் யார்?’ என்று அவள் கேட்கிற நாளில், ‘இவர்கள்தான்’ என்று காட்ட நான்கு பேராவது வேண்டாமா?

“அனுப்பறதுன்னா அனுப்பு, கிழிக்கறதுன்னா கிழி. காயிதத்த வச்சிக்கிட்டு வீட்டுக்குள்ள எத்தன தடவதான் நடப்ப?” என்றார் என் கணவர்.

“அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அனுப்பலாமா?”

“எழுதறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி இது.”

அப்படித்தான் வியாழக்கிழமை லயத்துக்குப் போனேன். ஞானம்மா குழாயடியில் பால் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆறு குடும்பத்துப் பெண்களுக்கும் அவள்தான் முன்னால் நிற்பவள்.

“வாங்க டிரெஸ்ஸரம்மா! லயத்துக்கு வழி மறந்துபோச்சுன்னுல்ல நெனச்சோம்!”

குழாயடியில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

“முடியாதுன்னு யாரு சொன்னா?” — ஞானம்மா.

“நான்தான்… உங்களுக்கே கஷ்டம்னு…”

“எங்க கஷ்டத்த எங்ககிட்ட கேக்காமலே எழுதிட்டீங்களா?”

அவள் ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனாள். அடுப்புக்கு மேலே, கம்பியில் தொங்கியது ஒரு காலிப் பால்மாவு டின். அதில் அரிசி. தோட்டத்தில் கொடுக்கும் அதே குருணையும் கல்லும் கலந்த அரிசி… விளிம்பு வரைக்கும்.

“நீங்க வர்றத நிறுத்துனா நாங்க வைக்கறத நிறுத்திருவோமா? கை தானா போவுதும்மா.”

அடுத்த வீட்டில் ஒரு டின். அதற்கடுத்த வீட்டிலும். ஆறு வீட்டிலும்!

“அப்போ இவ்வளவு நாளா இத என்ன செஞ்சீங்க?”

“அவருக்கே ஆக்கிப் போட்டோம். ரயில விட்டு எறங்குனதும் நேரா இங்கதான் வருவாரு. வாரத்துக்கு ஒரு வீடு. ஜெபம் பண்ணி, சாப்பிட்டு, அப்புறம்தான் ஒங்க வீட்டுக்கு.”

சனிக்கிழமைதோறும் அவர் என் வீட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கியது இதனால்தானா! நானோ புளியைக் குறைத்தேன், மிளகாயைக் கூட்டினேன், என் குழம்பையே சந்தேகித்தேன்.

“அவரு ஏன் என்கிட்ட சொல்லல?”

“நாங்கதான் சொல்லாதீங்கன்னோம். அம்மா மனசு சங்கடப்படும்லா.”

அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நான். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று அவர்கள். 

இதோடு முடியவில்லை. கடைசி வீட்டில் ஏழாவதாக ஒரு டின் தொங்கியது. அது கிறிஸ்தவ வீடே அல்ல, மாரியாயி வீடு.

“என்னம்மா அப்படிப் பாக்கறீங்க? ஊருக்கு எங்களுக்கெல்லாம் காயிதம் எழுதிக் குடுக்கற மனுசன். எங்க லயத்துல அவரு பட்டினி கெடந்தா எங்க மாரியாத்தாளுக்குல்ல கெட்ட பேரு?” என்றாள் மாரியாயி.

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் அந்த டின்னைத் தொட்டுப் பார்த்தேன். விடியுமுன் எழுந்து மரத்துக்கு ஓடுகிறவர்கள். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவர்கள். ஆனாலும் அரைப் பானை உலைக்கான அரிசியிலிருந்து முதல் பிடியை எடுத்து மேலே தொங்கவிடுகிறார்கள். கோபுரம் வைத்த பெரிய கோயில்களில் முழங்காலிட்டிருக்கிறேன். அந்தக் கரிபிடித்த அடுப்படியில் வந்த நடுக்கம் எங்கும் எனக்கு வந்ததில்லை.

“வேற எழுதுங்க. வாரத்துல ஏழு நாளு. ஆறு நாளு எங்களுது, ஒரு நாளு ஒங்களுது,” என்றாள் ஞானம்மா.

“அப்ப எனக்கு?” என்று மாரியாயி சண்டைக்கு வந்தாள்.

“நீ மத்தியானக் கஞ்சி ஊத்து, போ!”

எஸ்தரை அவர்கள் கை மாற்றிக் கை மாற்றி வைத்திருக்க, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து புதுக் கடிதம் எழுதினேன். என் கையெழுத்து மட்டும் போதாது என்றார்கள். கீழே ஆறு பெண்களும் மையில் கட்டைவிரலைத் தோய்த்து வைத்தார்கள். பழைய கடிதம் அடுப்புக்குப் போனது. உபதேசியார் இருக்கிறார்!

சபை கட்டுகிறேன், சபை கட்டுகிறேன் என்று இந்தப் பத்தியில் எத்தனை முறை எழுதியிருப்பேன்? ஒருவரிடம் வாங்கிக்கொள்ளாமல் இருப்பதும் அவரை வெளியே நிறுத்துவதுதான் என்று படித்த எனக்குத் தெரியவில்லை. அதிலும் வேடிக்கை, வெளியே நின்றது அவர்கள் அல்லர்.

கிளம்பும்போது ஞானம்மா சொல்லிவிட்டாள் — இனி ஞாயிறு ஜெபம் லயத்தில்தானாம்.

எனக்கும் எஸ்தருக்கும் இடம் போட்டு வைப்பார்களாம்.