தனித்தட்டு

அன்று மேசையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. எங்கள் மகள், நாங்கள் குடியேறிய இந்த நாட்டிலேயே பிறந்தவள். யாழ்ப்பாணத்து அண்ணன், என்னோடு பஸ் ஓட்டுகிறவர். கடைக்கார அம்மா பிறகுதான் வந்து உட்கார்ந்தார்.

கிளென் ஈடனில் ஒரு எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடை. சனிக்கிழமை மதியம். எங்கள் வீடு பாட்டனி டவுன்ஸில். நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. வழியெல்லாம் மனைவி கண்ணை மூடியே இருந்தாள். தூங்கவில்லை. எனக்குத் தெரியும்.

அவளுக்குக் கேன்சருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த மருந்து நாக்கைக் கெடுத்துவிட்டது. ரசம் இரும்பு என்றாள். தோசை இரும்பு. தண்ணீரும் இரும்பு. இரண்டு வாய்க்கு மேல் எதுவும் இறங்கவில்லை. எடை இன்னும் குறைந்தால் அடுத்த மருந்தைத் தள்ளிவைப்போம், மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை எடை பார்க்கிறார்கள். குழாய் என்று கேட்டதிலிருந்து அவள் அதிகம் பேசவில்லை. எனக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும் என்று இருந்தது.

ஆப்பிரிக்கச் சாப்பாடு அண்ணனின் யோசனை. எங்கள் டிப்போவில் எல்லா நாட்டுக்காரரும் உண்டு. அவர்களிடம் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி தோசையைச் சாப்பிடேக்க பழைய ருசியைத் தேடுறா. அது இல்லையெண்டதும் வெறுத்துப்போகுது. தெரியாத சாப்பாடெண்டா தேடுறதுக்கு ஒண்டும் இல்லைத்தானே."

சரியாகத்தான் பட்டது. முதல் வாரம் மொராக்கோக் கடை. பழமும் பட்டையும் போட்ட ஆட்டுக்கறி. வாசனைக்கே எழுந்து வெளியே போய்விட்டாள். அடுத்த வாரம் நைஜீரியச் சோறு. சிவப்பாக இருந்தது. "நம்ம தக்காளி சாதந்தான்" என்றாள். அப்புறம், இரும்பு. இது மூன்றாவது.

கடைக்கார அம்மா ஒரு பேசினைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றினார். கறி வேண்டாம் என்றோம். அப்படியானால் விரதத் தட்டு என்றார். அவர்கள் ஊரில் விரத நாளில் சாப்பிடுவதாம்.

"நான் ஏற்கெனவே விரதந்தான். அதுக்குத் தட்டு வேறயா?" என்றாள் மனைவி.

அண்ணன் சத்தமாகச் சிரித்தார். நான் எழுந்து போய்க் காரைப் பார்த்தேன். கார் விட்ட இடத்திலேயே இருந்தது. திரும்பி வந்தேன்.

"ஒரு இடத்துல உக்காருங்களேன். பஸ்ல மட்டும் எப்படித்தான் உக்கார்றீங்களோ" என்றாள் மனைவி.

தட்டு வந்தது. பெரிய வட்டத் தட்டு, நாலு பேருக்கும் ஒன்றே. அடியில் இஞ்சேரா விரித்திருந்தது. ஆப்பம் போல மெத்தென்று, தட்டளவுக்குப் பெரியது, சாம்பல் நிறம், மேலெல்லாம் துளை. புளித்த மாவு வாசனை. அதன்மேல் பருப்பு, கோஸ், கீரை, கடலைமாவுக் குழம்பு எல்லாம் குவியல் குவியலாக.

எங்கள் வீட்டில் எச்சில் பார்ப்போம். ஒருவர் கைவைத்ததில் இன்னொருவர் கைவைப்பதில்லை. அவள் நான் குடித்த டம்ளரைக்கூடக் கழுவித்தான் எடுப்பாள். அதனால் நான் யோசிக்கவில்லை. சின்னத் தட்டு ஒன்று கேட்டு வாங்கினேன். யாரும் தொடுமுன் ஒரு ஓரத்தைக் கிழித்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, அவள் முன்னால் வைத்தேன்.

கடைக்கார அம்மாவின் முகம் மாறிவிட்டது. குனிந்து மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். மகள் சிரிப்பை அடக்கினாள்.

"அப்பா, நீங்களும் அம்மாவும் ஃபைட்டான்னு கேக்கறாங்க."

"என்ன ஃபைட்டு?"

"சண்டை போட்டவங்கதான் தனித்தட்டுல சாப்பிடுவாங்களாம்."

"ஓம், பெரிய சண்டை. கலியாணம் கட்டின நாளிலயிருந்து நடக்குது" என்றார் அண்ணன். சும்மா இராமல் அதை ஆங்கிலத்திலும் சொல்லிவைத்தார்.

அந்த அம்மா நம்பிவிட்டார். நாற்காலியை இழுத்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னத் தட்டைப் பெரிய தட்டிலேயே கவிழ்த்தார். கையை மறுபடி கழுவினார். ஒரு துண்டு கிழித்து, பருப்பை வைத்துச் சுருட்டி, அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

மாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தாள். மென்றாள். நாங்கள் மூவரும் அசையவில்லை.

"புளிக்குது" என்றாள்.

"இரும்பு?" என்று கேட்டேன்.

"இருக்கு. புளிப்பு அதுக்கு மேல இருக்கு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். இனி நீ கொடு என்று கையைக் காட்டினார். கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்ததோடு சரி. பிறகு அவள் வாயில் நான் எதுவும் வைத்ததில்லை. சின்னதாகச் சுருட்டினேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். பெரிதாக வேண்டுமாம். சின்னதாகக் கொடுத்தால் பிரியமும் சின்னதாம். பிரித்துப் பெரிதாகச் சுருட்டினேன்.

"ஊட்டிவிட்டு மானத்த வாங்காதீங்க" என்றாள். சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

பிறகு மகள் கொடுத்தாள். அண்ணன் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவளே கையை நீட்டிக் கிழித்துக்கொண்டாள், அண்ணன் தின்றுகொண்டிருந்த பக்கத்திலிருந்தே. அண்ணன் தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

திரும்பும்போது மோட்டார்வே முழுக்கக் கண்ணாடியில் அவளையே பார்த்தேன். வாந்தி எடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. மடியில் பை ஒன்று கொடுத்திருந்தோம். அது காலியாகவே இருந்தது. கடைசியில் தூங்கிவிட்டாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, அம்மா எத்தனை வாய் சாப்பிட்டாள் என்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணியிருந்தாள்.

பதினொன்று.