சக்கரம் நகர்ந்தால் பிரேக் என்ன ஆகும்?

டாட்மர்டன் தொடக்கப் பள்ளியில் தினமும் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவர் தெல்மா ஹெலிவெல். உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கும்போதே உள்ளே அழுகல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். கொண்டுவந்தவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் மூட்டை திரும்பித்தான் போகும். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு சைக்கிள் பிரேமுக்காக அவர் அலைந்த அலைச்சலை இந்தக் குணத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பள்ளத்தாக்குச் சைக்கிள்காரர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. மாதம் ஒருமுறை, பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், இருநூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பந்தயமெல்லாம் இல்லை, முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அட்டையில் ஒரே முத்திரைதான். வழியில் குறித்த ஊர்களில் டீயோ பன்னோ வாங்கி, அந்தக் கடை ரசீதை அத்தாட்சியாகக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதம் விடாமல் இப்படி ஓட்டியவருக்குத் துணியில் பூவேலை செய்த ஒரு சின்ன வில்லை கிடைக்கும். ஒரு மாதம் தவறினாலும் கணக்கு பூஜ்யம், மறுபடி முதலிலிருந்து. ஜூலையில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஜனவரியும் பிப்ரவரியும்தான் ஆளை உரித்துப் பார்க்கும்.

தெல்மாவை இரண்டு முறை உரித்தன. முதல் வருடம் பத்து மாதம் ஓட்டிவிட்டு ஜனவரியில் போனது. கியர் மாற்றும் இரும்புக்கை, அதான் பின்சக்கரத்து அச்சுக்குக் கீழே தொங்குமே அது, சேறும் பனியும் சேர்ந்து உறைந்து கல்லாகிவிட்டது. மேட்டில் தள்ளிக்கொண்டே நடந்து, நேரம் தாண்டிப்போயிற்று. அடுத்த வருடம் பதினோரு மாதம். பிப்ரவரியில் அதே கை உள்ளே திரும்பிச் சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டி முறிந்தது. அன்றைக்கு ரோட்டோரத்தில் உட்கார்ந்து தெல்மா அழுதார். அழுததை யாரிடமும் மறைக்கவில்லை. "அழுதேன். அப்புறம் அந்தச் சனியனைக் கழட்டிச் சாக்கடையில வீசினேன்," என்று சங்கத்துக் கூட்டத்திலேயே சொன்னார்.

மூன்றாவது முறை தொடங்கியபோது ஒரு முடிவோடு தொடங்கினார். இனி தொங்கும் கை கிடையாது. பின்சக்கரத்தின் நடுவே மூடி போட்ட டப்பா மாதிரி ஒரு ஹப், எட்டு கியரும் அதற்குள்ளே. பனி, சேறு, உப்பு எதுவும் உள்ளே போகாது. மழையிலும் பிடிக்கிற டிஸ்க் பிரேக். கைப்பிடி மட்டும் அவருக்குப் பழகிய, வளைந்து கீழே இறங்கும் ரோடு சைக்கிள் கைப்பிடி. ஹப்பும் சக்கரமும் மே மாதமே வந்துவிட்டன. மாட்டத்தான் பிரேம் இல்லை. அது கிடைக்கும்வரை பழைய வண்டியிலேயே வேறொரு கையை மாட்டி மாதாமாதம் ஓட்டினார்.

சிக்கல் இதுதான். செயின் நாள்பட நீளும். தொங்கும் கை இருந்தால் அது தொய்வை இழுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பழைய சைக்கிளில் செய்வதுபோலச் சக்கரத்தையே கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நட்டை முறுக்க வேண்டும். ஆனால் டிஸ்க் தகடு சக்கரத்தில் இருக்கிறது, அதைக் கடித்துப் பிடிக்கும் பிரேக்கோ பிரேமில் இருக்கிறது. ஒன்று நகர்ந்து மற்றது அங்கேயே நின்றால்?

தெல்மா இதையே கேள்வியாக்கிக் கடை கடையாக எடுத்துப் போனார். "சக்கரத்தைப் பின்னால இழுத்தா பிரேக் என்ன ஆகும்?" ஒரு கடையில் கார்பன் பிரேமைக் காட்டி, ஒரு விரலில் தூக்கலாம் என்றார்கள். அதில் ஹப்பின் அச்சு நுழையவே நுழையாது. இன்னொரு கடைக்காரர், செயினைப் பிடித்துக்கொள்ள ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கையைத் தொங்கவிட்டால் போதும் என்றார்.

"எந்தக் கையை வேணாம்னு வந்தேனோ அதையே தம்பியா பெத்து நீட்டுறீங்களே," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் இது எல்லோர் வாய்க்கும் அவல். முதல் ஆள் கீத் ஆர்மராட். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. ஒன்பது வருடமாக ஒரு மாதம்கூட விடாமல் இருநூறு ஓட்டி வருகிறார். அதை நினைவூட்டவும் ஒரு வாரம்கூட விட்டதில்லை. அவருடையது டைட்டானியம் வண்டி. சக்கரம் கழற்ற ஒரு கருவியும் வேண்டாம், கையால் ஒரு பிடியைத் திருப்பினால் கையோடு வந்துவிடும்.

"ஏம்மா தெல்மா, பிரேம் பாக்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா?"

"மாப்பிள்ளைன்னா ஒரே நாள்ல முடிச்சிருப்பேன். பிடிக்கலேன்னா அனுப்பிடலாமே."

"அந்த ஹப்பு எவ்ளோ கனம் தெரியுமா? மேட்டுல அம்மிக்கல்லை இழுத்துட்டு வர்ற மாதிரி இருக்கும்."

"உங்களை விடக் கனமா கீத்? நீங்களே மேடு ஏறுறீங்கல்ல."

செப்டம்பரில் ஒருநாள், பழைய பஞ்சாலைக் கட்டடத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து பிரேம் பற்றவைக்கும் ரோவன் என்ற பெண்ணிடம் போனார். முப்பது வயதிருக்கும். முகக்கவசத்தை நெற்றிக்குத் தள்ளிவிட்டுத் தெல்மாவின் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டாள். மேஜையிலிருந்து ஒரு இரும்புத் தகட்டை எடுத்து நீட்டினாள். சக்கரத்தின் அச்சு உட்காரும் பள்ளமும் பிரேக் மாட்டும் துளைகளும் அந்த ஒரே தகட்டில் இருந்தன. தகடே பிரேமில் முன்னும் பின்னும் நகரும்.

"சக்கரம் எங்க போகுதோ பிரேக்கும் கூடவே போகும்ங்க. விட்டுட்டுப் போகாது," என்றாள்.

தெல்மா அந்தத் தகட்டைப் பத்து முறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். நாலு மாதமாகத் தேடியது உள்ளங்கையில் இருந்தது. மனசு குளிர்ந்துபோயிற்று. ஆனாலும் மூட்டையைத் திருப்பி அனுப்பும் கைகள் அல்லவா, உடனே சரி என்று சொல்லிவிடுமா?

"பின்னாடி டயருக்கும் பிரேமுக்கும் நடுவுல எவ்ளோ இடம் விடுவே?"

"எவ்ளோ வேணும்?"

"என் கை போகணும். கையுறையோட."

"அவ்ளோ இடம் விட்டா பாக்க நல்லா இருக்காதுங்க."

"நான் அதைப் பாக்க மாட்டேன் கண்ணு. அதுமேல உக்காந்து ரோட்டைப் பாப்பேன்."

டிசம்பரில் பிரேம் வந்தது. எஃகு. ரோவனிடம் மிச்சமிருந்த பெயின்ட், அடர்ந்த பழுப்பு. தெல்மா தன் சமையலறையிலேயே வண்டியைப் பூட்டி, ஞாயிற்றுக்கிழமை டீக்கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கீத் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சமையல்காரிக்கு ஏத்த கலர்தான். சுட்ட கறி மேல ஊத்துற கிரேவியை எடுத்துப் பூசின மாதிரி இருக்கு." குனிந்து பின்பக்கம் பார்த்தார். "இதென்ன இடைவெளி? இதுல பூனை புகுந்து குட்டி போடலாமே. இது பிரேம் இல்லம்மா, பண்ணை வீட்டு கேட்டு."

டிசம்பரும் ஜனவரியும் அந்த கேட்டிலேயே முடிந்தன. பனி பெய்தது, உப்புத் தண்ணீர் தெறித்தது. டப்பாவுக்குள் எட்டு கியரும் வெண்ணெய் மாதிரி மாறின. பதினோரு முத்திரை. பிப்ரவரியின் முதல் மூன்று வாரமும் சாலையெல்லாம் பனிக்கட்டி. மிஞ்சியது கடைசிச் சனிக்கிழமை ஒன்றுதான். தெல்மாவுக்குப் பயமில்லை. வெள்ளிக்கிழமை மாலை குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பையில் வைத்து டிக் போட்டார். அப்புறம் செயினை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். லேசாகத் தொய்வு. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, சக்கரத்தை இழுத்து முறுக்கினார். பிரேக் கூடவே நகர்ந்தது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டே ஸ்பேனரை ரொட்டி வெட்டும் பலகைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். ஹாஸ் ஊர் வரை எதிர்க்காற்று, பிறகு பனி மழை. மாலை ஐந்து மணி, நூற்று ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டர். ஹெலிஃபீல்டு ஊரைத் தாண்டி இருட்டும் நேரத்தில், முட்செடி வேலியை வெட்டியதில் சாலையெல்லாம் முள் இறைந்து கிடந்த இடத்தில், பின்சக்கரம் உஸ்ஸென்றது. பத்தடி பின்னால் வந்த கீத்தும் நின்றார். எட்டரை மணிக்குள் டாட்மர்டனில் இருக்க வேண்டும்.

பஸ் நிறுத்தக் கூரைக்கடியில் வண்டியைக் கவிழ்த்துவிட்டுத் தெல்மா பையில் கைவிட்டார். துழாவினார். பிறகு எல்லாவற்றையும் கீழே கொட்டினார். டியூப் இருந்தது, பம்பு இருந்தது, பஞ்சர் ஒட்டும் பெட்டி இருந்தது. கண்ணுக்குள் ரொட்டிப் பலகை தெரிந்தது, அதன்மேல் ஸ்பேனர். அது இல்லாமல் பின்சக்கரம் கழலாது.

"கீத், உங்ககிட்ட பதினஞ்சாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"

"என் வண்டிக்கு எதுக்கு அது? நட்டே கிடையாது." அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஐயோ. விட்டுட்டியா?"

இரண்டு கார்கள் நிற்காமல் போயின. மூன்றாவது நின்றது, அதில் இருந்தது கார் சக்கரத்தின் நட்டுக்கான பெரிய ஸ்பேனர். தெல்மா கூரையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு மாதம் கடை கடையாக ஏறி, ஆட்களைக் கேள்வி கேட்டே விரட்டி, கடைசியில் கைக்கடக்கமான ஒரு இரும்புத்துண்டை விட்டுவிட்டு வந்த தன்னை நினைத்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நிமிடம் தன்னைத்தானே நன்றாகத் திட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"சக்கரத்தைக் கழட்ட வேணாம். அப்படியே ஒட்டலாம்."

டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி விலக்கினார். பிரேமுக்கும் டயருக்கும் நடுவே, பூனை குட்டி போடும் அந்த இடைவெளியில், கையுறையோடு கை போயிற்று. முள்ளைப் பிடுங்கினார். அந்த இடத்து டியூபை மட்டும் ஒரு சாண் வெளியே இழுத்தார். ஓட்டை கிடைத்தது. துடைத்துத் தேய்த்துப் பசை தடவினார். குளிரில் பசை காயவில்லை. ஒட்டைப் போட்டார், உரிந்து வந்தது. இரண்டாவதும் உரிந்தது. பெட்டியில் மிச்சம் ஒன்றுதான்.

"சூடு வேணும் கீத். டியூபு காயணும்."

கீத் மழைக்கோட்டைத் திறந்தார், உள்ளே இருந்த இரண்டு சட்டைகளையும் தூக்கினார். கவிழ்ந்து கிடந்த வண்டிக்கு முன் முட்டிபோட்டு, டியூபை அக்குளில் இடுக்கிக்கொண்டார். டியூப் வண்டியோடு இருந்ததால் மொத்த வண்டியையும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஜில்லிப்பில் அவர் போட்ட சத்தத்துக்கு எதிர்வயல் ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

"கேட்டைக் கட்டிப்பிடிச்சிருக்கீங்க கீத்."

"வாயை மூடு. மணியைப் பாரு."

"நீங்க கிளம்புங்க. உங்க ஒன்பது வருசமும் போயிரும்."

"போனா போகுது. அக்குள் மாட்டிக்கிட்டிருக்கு, எங்க போறது?"

பத்து நிமிடம் அப்படியே இருந்தார். அந்தச் சூட்டிலேயே தெல்மா பசை தடவி, மூன்றாவது ஒட்டைப் போட்டு, மறுபடி அக்குளில். இந்த முறை பிடித்துக்கொண்டது. காற்றடித்து நிமிர்ந்தபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். மேட்டில் கீத் முன்னால் காற்றை மறைத்து ஓட்டினார். இறக்கத்து மழையில் தெல்மா பிரேக்கைத் தொட்டபோதெல்லாம் அது சொன்ன இடத்தில் பிடித்தது.

எட்டு இருபத்தாறுக்கு ஊர் மண்டபக் கதவைத் தள்ளினார்கள். அட்டைகளுக்கு முத்திரை போடும் ஜூடித் கடிகாரத்தைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார்.

"ஏன் இவ்ளோ லேட்டு? புது வண்டி காலை வாரிடுச்சா?"

மசித்த பட்டாணியோடு, இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டத்தைத் தின்றுகொண்டிருந்த நாலு பேரும் நிமிர்ந்தார்கள். கீத் முந்திக்கொண்டார்: "வழியில முள்ளு. வேற ஒண்ணுமில்ல."

தெல்மா ஈரக் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அவர் சும்மா சொல்றார். ஸ்பேனரை வீட்டுல விட்டுட்டு வந்தேன். ரெண்டு வருசம் வண்டியைத் திட்டினேன். இந்தத் தடவை வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல, எல்லாம் என் மேலதான். முத்திரையைப் போடு, ஜூடித்."

பன்னிரண்டாவது முத்திரை விழுந்தது. தெல்மா அந்த அட்டையைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை பார்த்தார்.

வில்லை தபாலில் வந்தது, பையில் தைத்தாயிற்று. ஆனால் மார்ச் வந்தால் மறுபடி இருநூறு; யார் சும்மா இருப்பது? செட்டில் என்ற ஊரின் டீக்கடையில் கீத் ரசீதைத் தேடித் தன் பையை மேஜையில் கொட்டினார். சாவி, வாழைப்பழம், பம்பு, அவற்றோடு துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. தெல்மா துணியைப் பிரித்தார். பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர், புத்தம் புதுசு.

"இது எதுக்கு கீத்? உங்க வண்டியிலதான் நட்டே கிடையாதே."

கீத் அதைப் பிடுங்கித் துணியில் சுற்றிப் பைக்குள் திணித்தார்.

"டீ ஆறுது, குடி."