குறியிடாமல் எடுத்த ஏழாவது கல்

செல்வராணி இறந்த செய்தி வந்தபோது, நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். "அக்கா காலைல போயிட்டாக்கா. வெறும் காய்ச்சல்னுதான் நெனச்சோம்" என்றான் அவள் தம்பி. அதற்கு முந்தைய மூன்று வாரங்களாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஏன் என்பதை, அவளை அறிந்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அவள் மூணாறு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். நான் கிழக்குப் பாலக்காட்டு விவசாயக் குடும்பம். ஆய்வகத்தில் ஐந்து வருடம் ஒரே மேசை. வீட்டுக்கு நான் "சொல்லுங்க அப்பா, ஏனுங்க" என்று போனில் பேசினால், "யாருட்டி லைன்ல, கலெக்டரா?" என்பாள்.

நிலம் இழுபட்டுப் பிளக்கும்போது, அடியிலிருந்து உருகிய பாறை வெடிப்புகளில் ஏறிக் கறுப்புச் சுவராக உறைகிறது. அன்றைய காந்த வடக்கு எதுவென்று அதற்குள் பதிந்துவிடும். அதைப் படித்தால் நிலம் அப்போது எங்கே இருந்தது என்று ஓரளவு தெரியும். மறையூர் அருகே நாங்கள் கண்ட சுவர், மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்த காலத்தது என்று நிறுவ விரும்பினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே விரும்பினேன்.

அங்கே டீக்கடை அம்மாவிடம் ராணி இதை விளக்கினாள். "இழுத்ததுல கிழிஞ்சுதா, அடிச் சூட்டுல கிழிஞ்சுதான்னுதான் சண்டையே." அந்த அம்மா டம்ளரைக் கழுவியபடி, "போனவுக பங்கு கேட்டு வரலல்ல? பெறகென்ன?" என்றார். ராணி சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

பாறையை உருளையாகத் துளைத்ததும், அது குழிக்குள் நிற்கும்போதே திசைக்கோடு போட வேண்டும். உடைத்து எடுத்துவிட்டால் அதற்குத் திசையே கிடையாது. இந்தப் பாறை காந்த முள்ளை இழுத்துவிடும் என்பதால், சூரிய நிழலை வைத்தே கோடு போடுவோம். அன்று மேகம். மூணாறு பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராணி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஏழாவது கல்லை உடைத்தெடுத்தேன். திரும்பக் குழியில் பொருத்தி, முள்ளை நம்பிக் கோடு போட்டேன்.

பஸ்ஸில் சொன்னேன். "ஏட்டி, பத்து நிமிசம் உக்கார முடியாதா ஒனக்கு?" என்றாள். குறிப்பேட்டில் அந்தக் கல்லுக்கான பக்கத்தில் தன் கையாலேயே 'சந்தேகம்' என்று எழுதினாள்.

முடிவுகள் வந்தபோது, நான் விரும்பிய பதிலுக்கு எங்களைக் கொண்டு சேர்த்தது அந்த ஏழாவதுதான்.

"அதத் தூக்கிரு" என்றாள் ராணி.

"தூக்குனா ஆறு கல்ல வெச்சு என்னடி சொல்றது?"

"தெரியலன்னு சொல்லு. நீ கல்லப் படிக்கல, ஒன் ஆசயப் படிச்சுக்கிட்டு இருக்க."

"உனக்குப் பயம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் அவளிடம் நான் கடைசியாகப் பேசியது.

கட்டுரையில் அவள் பெயரும் இருக்கிறது. இனி மறுக்க அவள் இல்லை. அப்படியே அனுப்பிவிடலாம் என்பது எவ்வளவு எளிது என்று உணர்ந்தபோது, என்னைக் கண்டு எனக்கே அச்சமாக இருந்தது. அவளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மறுநாள் ஏழாவதை நீக்கினேன். காலத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதி வழிகாட்டிக்கு அனுப்பினேன். மறுபடி துளைக்கச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் மறையூர் போகிறேன். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதும் துணிவை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பொறுமை இன்னும் வரவில்லை. வானம் மூடியிருந்தால் என்ன செய்வேனோ என்று இப்போதே மனம் அலைகிறது.